சீட்டு கேட்காத சட்டமும் தாலி தேடும் கண்களும்

மருந்துக்கடைக்கென்று சட்டம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 1945ஆம் ஆண்டின் விதிகளும் எதை எப்படி விற்கலாம் என்று வரையறுக்கின்றன. ‘எச்’ பட்டியல் மருந்துகளுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். ‘எச் 1’ பட்டியல் மருந்துகளுக்குச் சீட்டோடு தனிப் பதிவேடும் வேண்டும்: மருத்துவர் யார், நோயாளி யார், என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். இவ்வளவு கறாரான பதிவேட்டில்கூட ‘திருமணம் ஆனவரா?’ என்றொரு கட்டம் இல்லை.

அந்தக் கட்டத்தை நம் ஊர்க் கடைகள் தாமாகவே வரைந்துகொண்டன.

அவசரக் கருத்தடை மாத்திரையைத்தான் சொல்கிறேன். இந்தியாவில் 2005 முதல் இதைச் சீட்டில்லாமல் வாங்கலாம். அரசின் குடும்பநலத் திட்டத்திலும் இது உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் பல கடைகளில் இது கிடைப்பதில்லை. என் மாணவி ஒருத்தி மூன்று கடை ஏறி இறங்கினாள். முதல் கடையில், “அதெல்லாம் வைக்கிறதில்லம்மா.” இரண்டாவதில், “யாருக்கு?” மூன்றாவதில் பதிலே இல்லை, அவள் கழுத்தை ஒரு பார்வை, அவ்வளவுதான். அதே கடைகளில் காய்ச்சலென்று சொன்னால் சீட்டு வேண்டிய ஆன்டிபயாடிக்கை நான்கு மாத்திரையாக வெட்டித் தருவார்கள். சட்டம் தடுப்பதை விற்கிறார்கள், சட்டம் அனுமதிப்பதைத் தடுக்கிறார்கள்.

காரணம் கேட்டால், “கருவைக் கலைக்கிற மாத்திரைம்மா, வம்பு” என்பார்கள். தமிழ் படித்தவளாகச் சொல்கிறேன்: தடை வேறு, கலைப்பு வேறு. இந்த மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. உருவாகிவிட்ட கருவை அது கலைக்காது. கருக்கலைப்பு மாத்திரைகள் வேறு. அவற்றுக்குச் சீட்டும், 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தின்கீழ் மருத்துவரின் மேற்பார்வையும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவது அறியாமையாக இருந்தால் ஒரு முறை விளக்கினால் போதும். வசதியாக இருப்பதால்தான் அது நீடிக்கிறது.

“அடிக்கடி போட்டால் உடம்புக்கு ஆகாது, அக்கறையில்தான் மறுக்கிறோம்” என்கிறவர்களும் உண்டு. வழக்கமான கருத்தடைக்கு இது மாற்றல்ல, பால்வினை நோயையும் தடுக்காது என்பது உண்மைதான். அதைச் சொல்லிக் கொடுங்கள். மருந்தைப் பற்றி ஆலோசனை தருவது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. மருந்தைப் பற்றித்தான், வாங்குகிறவளின் நடத்தையைப் பற்றி அல்ல.

இந்த மாத்திரைக்குக் கெடு 72 மணி நேரம். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். ஆணுறை கிழிந்தவளுக்கும், வன்புணர்வுக்கு ஆளானவளுக்கும், மறுப்பைக் காதில் வாங்காத கணவனோடு வாழ்கிறவளுக்கும் கடிகாரம் ஒன்றுதான். “அடுத்த கடையில் பாருங்க” என்று சொல்லும்போது, அவள் உடலுக்குள் நடக்கப்போவதைக் கடைக்காரர் முடிவு செய்துவிடுகிறார். பையனுக்கு ஆணுறையைக் கறுப்புப் பையில் சுற்றித் தரும் கை, பெண்ணுக்கு மாத்திரை தர மட்டும் ஏன் நீள்வதில்லை?

தடை உத்தரவு இருந்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். எழுதப்படாத தடையை எங்கே போய் எதிர்ப்பது? அதை எழுத வைப்போம். இல்லையென்று சொல்கிற கடையில், எந்த விதியின்படி இல்லை என்று கேளுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். கேட்கும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். தலைவலி மாத்திரை கேட்கிற அதே குரலில் கேளுங்கள்.