நீர்மட்டத்துப் பார்வை

கொல்லிமலையில் வாழ்கிறவனுக்கு உலகம் பெரும்பாலும் காலுக்குக் கீழேதான் காணக் கிடைக்கிறது. சீக்குப்பாறைக் காட்சிமுனையில் நின்றாலும், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிவரும் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும், சமவெளியின் வயல்களையும் ஏரிகளையும் ஊர்களையும் நாம் மேலிருந்தே பார்க்கிறோம். அவ்வாறு பார்க்கும்போது விஸ்தாரம் தெரிகிறதே தவிர, ஒரு மரத்தின் அடியும், ஒரு கரையின் மண்ணும், அந்த மண்ணைப் பற்றிக்கொண்டு பிழைக்கும் ஜீவராசிகளும் தெரிவதில்லை. உயரத்திலிருந்து பார்ப்பதில் ஓர் ஆனந்தம் உண்டென்பதை நான் மறுக்க வரவில்லை. அந்த ஆனந்தத்துக்காகத்தானே வாரந்தோறும் இத்தனை பேர் இத்தனை வளைவுகளையும் பொறுத்துக்கொண்டு மேலே வருகிறார்கள்! ஆனால் நிலத்தை அறிந்துகொள்வதற்கு வேறோர் இடமும் இருக்கிறது. அது நீர்மட்டம். படகில் உட்கார்ந்திருப்பவனுடைய கண், கரையிலுள்ள புல்லைக் காட்டிலும் அதிகமாக உயர்ந்திருப்பதில்லை. ஆகையால் கரையிலுள்ள யாவும் அவன் நிமிர்ந்து பார்க்க வேண்டியவையாகி விடுகின்றன.

செம்மேட்டுக்கு அருகே வாசலூர்ப்பட்டியில் குன்றுகளுக்கு நடுவே ஒரு சிறிய ஏரியும் ஒரு படகு இல்லமும் இருக்கின்றன. ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டு மாலைக்குள் இறங்கிவிட வேண்டுமென்று அவசரப்படுகிறவர்கள், இங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஏரி சிறியது, அரைமணிப் பொழுதுக்குமேல் அதில் செலவழிக்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் துடுப்பை நிறுத்திவிட்டு ஏரியின் நடுவில் சற்றுநேரம் சும்மா இருந்து பார்த்தவர்களுக்கு, சுற்றியுள்ள சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நிற்கும் முறையும், எந்த மேட்டில் பெய்த மழை எந்த ஓடை வழியாக அந்த நீரை வந்தடைகிறது என்னும் விஷயமும் தாமாகவே விளங்கத் தொடங்கும். சாலையில் நின்று பார்த்தால் இது விளங்குவதில்லை.

மத்தியதரைக் கடலோரத்துத் தேசங்களுக்குச் செல்லும் பிரயாணிகள் இந்த உண்மையை நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். இத்தாலியில் அமால்ஃபி என்னும் கடற்கரையில், மலைச்சரிவை ஒட்டிச் செல்லும் சாலை மிகக் குறுகலானது. வேனிற்காலத்தில் நெரிசல் தாங்காமல், வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து ஒற்றைப்படை இரட்டைப்படையாக நாள்விட்டு நாள் அனுமதிக்க வேண்டிய நிலை அங்கே வந்துவிட்டது. அந்தச் சாலையில் போகிறவனுக்கு முன்வண்டியின் முதுகு தெரியும். பத்துப் பேரோடு சிறு மரப்படகொன்றில் கரையோரமாகச் செல்கிறவனுக்கோ, செங்குத்தான பாறையும், அதில் அடுக்கடுக்காக வெட்டிய எலுமிச்சைத் தோட்டங்களும், அவற்றின்மேல் ஏறிநிற்கும் வீடுகளும் ஒருசேரத் தெரியும். அதற்கெதிரே உள்ள காப்ரித் தீவில் நீலக்குகை என்றொரு கடற்குகை இருக்கிறது. அதன் வாயில் ஒரு மீட்டர் உயரமே உள்ளதாகையால், நான்கு பேரை ஏற்றக்கூடிய துடுப்புப் படகைத் தவிர வேறெதுவும் உள்ளே நுழைய இயலாது. அப்போதும் பிரயாணிகள் படகின் அடியில் மல்லாந்து படுத்துக்கொள்ள, படகோட்டி பாறையில் கட்டியிருக்கும் சங்கிலியைப் பற்றி அலை தாழும் சமயம் பார்த்து உள்ளே இழுத்துச் செல்கிறார். நீருக்கடியிலுள்ள மற்றொரு திறப்பின் வழியே புகும் சூரிய ஒளியால் குகைநீர் முழுதும் நீலமாகச் சுடர்விடுகிறதாம். எவ்வளவு பெரிய தனவானாக இருந்தாலும் தலையைத் தாழ்த்தாமல் அந்த நீலத்தைக் காண முடியாது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பெரிய கப்பல்களால் விளைந்த சங்கடங்களையும் அதே கடல் கண்டிருக்கிறது. வெனிஸ் நகரத்தின் நடுவே செல்லும் கால்வாயில், மாளிகைகளின் கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் உல்லாசக் கப்பல்கள் ஆயிரக்கணக்கானவர்களைச் சுமந்துகொண்டு போய்வந்ததை, 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இத்தாலிய அரசாங்கம் தடைசெய்தது. அக்கப்பல்களில் இருந்தவர்களும் நகரத்தை மேலிருந்துதான் பார்த்தார்கள். எங்கள் காட்சிமுனையில் நின்று பார்ப்பதற்கும் அதற்கும் பேதமில்லை. பிரான்சு தேசத்தில் மார்செய்ல் நகரத்துக்குக் கிழக்கேயுள்ள சுண்ணாம்புப் பாறைக் கடற்கரையில், சுஜித்தோன் என்னும் ஒரு சிறு குடாவுக்குக் கோடையில் ஒரு நாளைக்கு நானூறு பேருக்குமேல் விடுவதில்லை என்று 2022இல் விதித்தார்கள். மிதிபட்ட மண் மழையில் கரைந்து, மரங்களின் வேர்கள் வெளியே தெரியலாயின என்பதே காரணம்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு இத்தாலிக்குப் போக வேண்டுமென்று ஏங்குவதைக் காட்டிலும், நம் தேசத்திலேயே நீர்மட்டத்திலிருந்து பார்க்கத் தகுந்த கரை எங்கே இருக்கிறதென்று தேடுவது உத்தமம் என்று எனக்குப் பட்டது. ஆகவே மலையிலிருந்து நண்பர்கள் சிலராகப் புறப்பட்டுச் சிதம்பரத்துக்குக் கிழக்கேயுள்ள பிச்சாவரத்துக்குப் போனோம். எங்களோடு வந்தவர்களில் ஒருவர், தம் ஆயுள் முழுவதும் சாமையும் கேழ்வரகும் விதைத்து அறுத்த பெரியவர். அதுவரை கடலைக் கண்டதில்லை.

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கும் இரண்டு முகத்துவாரங்களுக்கு இடையே, உப்பங்கழியின் எண்ணற்ற ஓடைகளும் அவற்றால் சூழப்பட்ட தீவுகளுமாக ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்பில் அங்கே சுரபுன்னைக் காடு இருக்கிறது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் விசைப்படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. விசைப்படகில் சீக்கிரமாக நெடுந்தூரம் போய் வரலாம் என்று எங்களில் ஒருவர் விரும்பினார். விசைப்படகு அகன்ற கால்வாயோடு நின்றுவிடும், காட்டுக்குள்ளே போக வேண்டுமானால் துடுப்புத்தான் என்று துறையிலிருந்தவர்கள் சொன்னதும் விவாதம் முடிந்தது.

அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து முதல் ஓடைக்குள் படகு திரும்பியபோது, "ஐயா, தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க" என்று படகோட்டி சொன்னார். இரு கரையிலும் நின்ற மரங்கள் தலைக்குமேலே கிளை கோத்து விதானமிட்டிருந்தன. அடிமரத்திலிருந்தும் கிளைகளிலிருந்தும் வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றிய தாங்குவேர்கள் எங்கள் தோளை உரசின. துடுப்பால் துழாவ இடமில்லாத குறுகிய வளைவுகளில் படகோட்டி அவ்வேர்களையே கையால் பற்றிப் படகை முன்னே தள்ளினார். ஆழமோ பல இடங்களில் இடுப்பளவே. அப்படிப்பட்ட இடத்தில் நாற்பது பேர் ஏறிய படகொன்றை மனத்தால் கற்பனை செய்யவும் முடியவில்லை.

காடு என்றால் எங்கள் மலைக்காட்டை அறிந்தவர்கள் நாங்கள். இந்தக் காடோ சகலத்திலும் தலைகீழாக நடந்துகொண்டது. வேர்கள் மண்ணுக்குள்ளே போவதற்குப் பதிலாகச் சேற்றைத் துளைத்துக்கொண்டு மேல்நோக்கி எழுந்து, கரை முழுதும் நெருக்கமாக நிமிர்ந்து நின்றன. சேற்றுக்குள் காற்றுப் புகாதபடியால் அவ்வேர்கள் மேலே வந்து சுவாசிக்கின்றன என்று படகோட்டி விளக்கினார். பிறகு ஒரு கண்டல் இலையைப் பறித்துப் பெரியவரிடம் கொடுத்து நாவில் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது. வேரோடு ஏறிவரும் உப்பை இலையின் வழியே வெளியேற்றிவிட்டு வாழும் மரம் அது.

எல்லாவற்றைக் காட்டிலும் பெரியவரை நிறுத்திவைத்தது சுரபுன்னையின் விதைதான். கிளைகளில் முருங்கைக்காயைப் போல நீண்டு தொங்கியவற்றைக் காய் என்றே நாங்கள் எண்ணியிருக்க, அது காயல்ல, மரத்திலிருக்கும்போதே முளைத்து வளர்ந்துவிட்ட கன்று என்று படகோட்டி சொன்னார். கீழே விழுந்தால் சேற்றில் குத்திட்டு நின்று வேர்பிடிக்கும்; நீரில் விழுந்தாலோ மிதந்துபோய்த் தோதான கரையில் ஒதுங்கும்.

பெரியவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அறுப்பு நேரத்துல அடைமழை பிடிச்சா சாமைக்கதிரு நின்ன வாக்குலயே முளைச்சுப் போகும் தம்பி. அந்த வருசம் வெள்ளாமை போச்சுன்னு அர்த்தம். இங்க அதுவே வழியா இருக்குதே!" என்றார்.

"ஆமாங்கய்யா. உப்புத் தண்ணியில வெறும் விதை போட்டா எப்படி முளைக்கும்? அதனால தாய்மரமே வளத்து அனுப்புது" என்றார் படகோட்டி.

மலையில் தானியம் விதைத்தவரும், கழியில் மீன்பிடித்து வளர்ந்தவரும் ஒரு விதையை நடுவில் வைத்துக்கொண்டு பேசிய அந்தப் பேச்சு, ஐந்தாறு பேர் இருந்த படகாகையால் எங்கள் அனைவருடைய காதிலும் விழுந்தது. ஒலிபெருக்கி வைத்து விளக்கம் சொல்லும் பெரிய படகில் அது நிகழ்ந்திராது. மனிதர்கள் அதிகமானால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பொழுதைக் கழிக்கிறார்கள். குறைவாக இருந்தால் கரையைப் பார்க்கிறார்கள், ஓட்டுகிறவரிடம் கேட்கிறார்கள், கேட்ட கேள்விக்கு அவரும் மனமுவந்து பதில் சொல்கிறார். இஞ்சின் சத்தமும் இல்லாதிருந்தபடியால் மீன்கொத்தி ஒன்று நீரில் விழுந்தெழுந்த ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது. சற்றுத் தள்ளி, இருளர் குடும்பத்தினர் சிலர் கழுத்தளவு நீரில் அமர்ந்து, கைகளாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விசைப்படகு ஒன்று அவ்வழியே வேகமாகப் போயிருந்தால், அதன் அலை அவர்களுடைய அன்றைய ஜீவனத்தைக் கலைத்திருக்கும்.

இந்தக் காடு இன்றிருக்கும் நிலைக்கு எளிதாக வந்துவிடவில்லை. ஆங்கிலேயர் காலந்தொட்டுப் பகுதி பகுதியாக மரங்களை முற்றிலும் வெட்டியெடுக்கும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடங்களில் மண் வறண்டு தாழ்ந்து பள்ளமாகி, ஓதத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற மார்க்கமின்றித் தேங்கி, வெயிலில் சுண்டி உப்பு மிகுந்து, அவை பிறகு எந்த விதையும் முளைக்காத பொட்டல்களாயின. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையமும் வனத்துறையும் உள்ளூர் ஜனங்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்து, 1990களிலிருந்து அந்தப் பொட்டல்களை மீண்டும் காடாக்கினார்கள். கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றின் பழைய ரகங்களை அழியாமல் காக்க உழைத்ததும் அதே நிலையந்தான் என்பதைப் படகில் சொன்னபோது, அந்த நிலையத்தாரைத் தமக்கு நன்றாகத் தெரியும் என்றார் பெரியவர். 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் பொங்கிவந்தபோது, இந்தக் காட்டின் பின்புறமிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை அதன்பின் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். படகோட்டிக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அன்று காலையில் அவர் அங்கே இருந்தார். அதைப்பற்றி அவர் அதிகம் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2022இல் பிச்சாவரம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

ஆனால் கால்வாய் வெட்டினால் மட்டும் போதாது. சுரபுன்னைக்கு உப்புநீரோடு நன்னீரும் வந்து கலக்க வேண்டும்; அந்த நன்னீர் காவிரிப் பிரதேசத்திலிருந்து வருகிறது. எங்கள் மலையில் அறப்பளீசுவரர் கோயிலருகே ஓடி, ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியே திருச்சி ஜில்லாச் சமவெளியில் இறங்கும் ஐயாறும் அந்தக் காவிரிப் பிரதேசத்தைச் சேர்ந்ததே. மலைச்சரிவில் ஒரு சோலையை அழித்து ஓர் ஓடையை வற்றவிட்டால், அதன் பலன் கீழே எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதைக் காட்சிமுனையில் நின்று யாரும் கணக்கிட்டதில்லை. நதியின் கடைசியில், உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில், படகின் விளிம்பில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

வாசலூர்ப்பட்டி ஏரியைப் பெரிதுபடுத்த வேண்டும், விசைப்படகு விடவேண்டும் என்று அவ்வப்போது பேச்சு எழக் கேட்டிருக்கிறேன். பேசுகிறவர்கள் மலைக்கு வருமானம் வரவேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். எனினும் அவ்வளவு சிறிய நீரில் இஞ்சின் ஓடினால், இரண்டு நிமிஷத்தில் கரை வந்துவிடும். கரை மண்ணும் அலையில் அரிபடும். அதற்குப் பதிலாக, துடுப்புப் படகுகளையே இன்னும் சில கூட்டி, ஒவ்வொன்றுக்கும் மலைவாசி இளைஞர் ஒருவரை நியமித்து, சுற்றியுள்ள சரிவுகளின் பெயரையும், எங்கே காப்பி, எங்கே மிளகு, எங்கே பலா, எந்தச் சரிவில் முன்பு சாமை விளைந்தது என்பதையும் ஏறினவர்களுக்குச் சொல்லும்படி செய்யலாம். அந்த ஞானம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கேட்பவர்கள்தாம் இதுவரை இல்லை. கட்டணம் சற்று அதிகமானாலும், கேட்டு ருசித்தவர்கள் கொடுப்பார்கள்.

மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் பிள்ளைகளை முதலில் இந்த ஏரிக்கும், பிறகு ஒருமுறை பிச்சாவரத்துக்கும் அழைத்துச் செல்ல ஆசிரியர்கள் முன்வந்தால், உடன் வருவதற்குப் பெரியவர் சம்மதித்திருக்கிறார். போகிறவர்கள் வெயில் ஏறுமுன் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். படகுக்கு நாலைந்து பிள்ளைகளுக்குமேல் ஏற்ற வேண்டாம். துடுப்புப் படகுதான் வேண்டுமென்று சீட்டு வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.