இரண்டு நாற்காலி, ஒரு கைபேசி

குடிநோயும் மனநோயும் ஒரு மனிதனின் உடலோடு நின்றுவிடுவதில்லை; வீட்டையே பிடிக்கின்றன. இந்த உண்மையை ஏற்க மருத்துவ உலகுக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. சந்தைக்கோ ஒரு பெருந்தொற்றுக் காலம் போதுமானதாக இருந்தது. கணவனும் மனைவியும் ஒரே திரையின் முன் அமர்ந்து, மனச்சோர்வுக்கும் மதுப் பழக்கத்துக்கும் சேர்ந்தே சிகிச்சை பெறலாம் என்பது இன்று நாட்டின் பெருநகரங்களில் விலை குறிக்கப்பட்ட ஒரு பண்டம். வீட்டை விட்டு வெளியேற வேண்டாம். அக்கம்பக்கத்தார் அறிய வேண்டாம். மருத்துவமனை வாசலில் கால்கடுக்க நிற்க வேண்டாம். அந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை உண்டா, கைபேசி யாருடையது, அழைப்பு முடிந்தபின் அந்தப் பெண்ணுக்கு என்ன நேரும் என்ற கேள்விகளுக்கு மட்டும் விளம்பரத்தில் இடமில்லை.

இணையரைச் சேர்த்துச் சிகிச்சையளிப்பது மோசடி என்று இதற்குப் பொருளல்ல. அது சரியான மருத்துவம்; இந்திய மண்ணில் அதற்கு வேரும் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் பொறுப்பை ஏற்ற டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்துக்குள்ளேயே கூடாரங்களில் தங்கவைத்தார். நோயைப் பற்றி அவர்களோடு பேசினார். பராமரிப்பில் அவர்களைப் பங்கேற்கச் செய்தார். அதற்கு அவர் விலைப்பட்டியல் எதையும் தொங்கவிடவில்லை. பின்னாளில் அமெரிக்காவில் டிமோத்தி ஓஃபாரல் போன்றோர் குடிநோயாளிக்கும் துணைவருக்குமான கூட்டுச் சிகிச்சையை முறைப்படுத்தினர். இன்று குடிக்கமாட்டேன் என்று அவர் நாள்தோறும் சொல்வார். துணைவர் அதை ஏற்று நன்றி சொல்வார். பழைய குடியையும் வருங்கால அச்சத்தையும் சிகிச்சை அமர்வுக்கு வெளியே எடுத்துச் சண்டையிடுவதில்லை என்று இருவரும் உடன்படுவார்கள். தனியாகச் சிகிச்சை பெற்றவர்களைவிட இவ்வாறு பெற்றவர்கள் கூடுதல் நாட்கள் குடியின்றி இருந்தார்கள் என்று ஆய்வுகள் காட்டின. ஆகவே இங்கே வழக்கு அறிவியலோடு அல்ல. அந்த அறிவியல் யாருக்குக் கிடைக்கிறது, எந்த நிபந்தனையில் கிடைக்கிறது என்பதோடுதான்.

ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் இந்தியர்கள் ஏறத்தாழ 5.7 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்கள். தேவை 3 பேர் என்பது நாடாளுமன்ற நிலைக்குழுவே 2023இல் எடுத்துக்காட்டிய கணக்கு. தேசியக் குற்றப் பதிவு ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர். அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். அந்தப் பட்டியல் 'குடும்பப் பிரச்சினை' என்று 31.7 விழுக்காட்டையும், 'போதை, மது' என்று 6.8 விழுக்காட்டையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதிவைக்கிறது. வேலையிழப்பும் கடனும் குடியும் அடியும் ஒரே வீட்டின் ஒரே இரவில் நடப்பவை என்பதை அந்தக் கட்டங்கள் அறியமாட்டா.

இந்தப் பள்ளத்தைத்தான் இணையத்தால் நிரப்பிவிடலாம் என்கிறார்கள். எந்த இணையத்தால்? 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில், என்றேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57 விழுக்காடு, பெண்கள் 33 விழுக்காடு. தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காடு. அதாவது ஏறத்தாழப் பாதிப் பெண்களின் கையில் கைபேசியே இல்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் பதிவுசெய்கிறது. கணவர் அடிக்கடி குடிபோதையில் இருக்கும் பெண்களில் 70 விழுக்காட்டினர் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர்கள்; கணவர் குடிக்காத பெண்களில் இது 23 விழுக்காடு. 23 என்பதும் வெட்கக்கேடான எண்தான். குடியை நிறுத்தினால் அடி நின்றுவிடும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதை அது காட்டுகிறது.

இப்போது அந்த அமர்வை எண்ணிப் பார்க்க வேண்டும். கைபேசி கணவருடையது, கட்டணம் அவர் செலுத்துவது, பக்கத்தில் அமர்ந்திருப்பவரும் அவரே. "வீட்டில் ஏதேனும் வன்முறை உண்டா?" என்று திரையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? இருவரையும் சேர்த்து அமர்த்துவதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்துப் பேச வேண்டும். கடுமையான வன்முறை நிலவும் வீட்டில் கூட்டுச் சிகிச்சை கூடாது என்பது இம்முறையின் அடிப்படை ஒழுங்கு. கண் காணும் சட்டகத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று அறிய முடியாத ஒரு நிபுணர், நாற்பது நிமிட ஒதுக்கீட்டுக்குள் இந்த ஒழுங்கை எப்படிக் காப்பார்? 'தம்பதி' என்ற வடசொல்லுக்கு வீட்டின் தலைவர் இருவர் என்பது வேர்ப்பொருள். சொல்லிலக்கணம் வழங்கிய அந்தச் சமத்துவத்தைச் சமூகம் இன்னும் வழங்கவில்லை.

உடலுக்கும் திரைக்கும் இடையிலான தொலைவு வேறொன்று. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். மருத்துவக் கண்காணிப்பு இல்லையேல் உயிரே போகக்கூடும். மனைவியின் முன்னிலையில் திரையைப் பார்த்து உறுதிமொழி எடுத்துவிட்டு, மறுநாள் இரவு நடுங்கும் உடலை வைத்துக்கொண்டு அந்த வீடு எங்கே ஓடும்? போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித்தர 2020 மார்ச் மாதத் தொலைமருத்துவ வழிகாட்டுதல் தடைவிதித்தது. அந்தத் தடையில் நியாயம் உண்டு. பஞ்சாபில் ஹெராயினிலிருந்து மீள்வோருக்கு 2017 முதல் தொடங்கப்பட்ட புறநோயாளர் மையங்களில் ஊழியர் கண்முன் மருந்து உட்கொள்ளும் முறை அமைந்ததும் இதனால்தான். பொதுமுடக்கக் காலத்தில் வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்ப முடிந்தது என்றால், கொடுப்பதற்கு ஏற்கெனவே ஊரில் ஒரு மையம் இருந்தது என்பதே காரணம். திரை, மையத்துக்குத் துணையாகலாம். மையமே இல்லாத இடத்தில் அது எதற்குத் துணை?

இனி, அந்த வீட்டின் இரகசியம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் ரீகெய்ன் என்ற பெயரில் இணையருக்கான சேவையையும் நடத்துவது. வாரத்துக்கு 60 முதல் 90 டாலர் வரை வாங்கிக்கொண்டு, இரகசியம் காப்போம் என்று வாக்களித்துவிட்டு, பயனாளரின் மின்னஞ்சல் முகவரியையும் மனநலம் பற்றிய கேள்விகளுக்கு அவர்கள் தந்த விவரங்களையும் ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் முதலிய விளம்பர வணிகங்களுக்குத் தந்தது என்று அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 78 இலட்சம் டாலர் செலுத்த 2023இல் உத்தரவாயிற்று. நோய்நாடி முதல்நாடிச் செல்ல வேண்டிய இடத்தில் நோயாளியின் முகவரி நாடிச் சென்றிருக்கிறார்கள். அதே 2023இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, உடல்நலத் தரவு தனிக் காப்புக்குரியது என்று வகைப்படுத்தக்கூட மறுத்துவிட்டது. கணவனின் குடியும் மனைவியின் மனச்சோர்வும் ஒரே கோப்பில் இருக்கும்போது, கசிவது ஒருவரின் வாழ்க்கை மட்டுமல்ல.

அரசின் டெலிமானஸ் இதற்கு மாற்றில்லையா? 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய 14416 என்ற எண், கட்டணமின்றி, இரவும் பகலும், இருபது மொழிகளில் பதில் சொல்கிறது. இலாபம் தேடாத அந்தக் குரலை இடதுசாரிகள் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஊர்தோறும் அந்த எண்ணைச் சுவரில் எழுதலாம். ஆனால் 2023-24இல் ஏறத்தாழ 134 கோடி ரூபாய் ஒதுக்கிய அரசு, அடுத்த ஆண்டே அதை 90 கோடியாகக் குறைத்தது. அழைப்பவரை ஆற்றுப்படுத்த வேண்டிய மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. மருத்துவர் பணியிடம் காலியாகவே கிடக்கும் மாவட்டங்களில் அது பெயரளவில் இருக்கிறது. தொலைபேசியில் ஆறுதல் கேட்ட பெண்ணை எந்தப் படுக்கைக்கு அனுப்புவது? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் சேவையிலிருந்து சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. உரிமையைச் சட்டத்தில் எழுதிவிட்டு, நிறைவேற்றத்தைச் சந்தையிடம் ஒப்படைப்பது ஆட்சியாளர்களுக்குப் பழகிப்போன கலை. மாநிலங்களையும் விட்டுவிட முடியாது. சரக்கு-சேவை வரி வந்தபின் அவற்றின் கையில் மிஞ்சிய சில வரிகளில் மது மீதான ஆயத்தீர்வை ஒன்று. கடையைத் திறக்கக் காட்டும் வேகம், குடித்தவனை மீட்கும் மருத்துவமனையைத் திறப்பதில் எந்த நிறக் கொடி பறக்கும் கோட்டையிலும் காணப்படவில்லை.

ஒரு சொல் இடதுசாரி அணிகளுக்கும் உரியது. மன ஆலோசனை நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம், உழைப்பாளிக்கு வேண்டியது கூலிதான் என்ற பேச்சு தொழிற்சங்க அலுவலகங்களில் இன்னும் ஓயவில்லை. கூலி உயர்ந்த மாதத்திலும் அந்தக் கூலி வீடு வந்து சேராததை மாதர் இயக்கத்தினர் அறிவார்கள். 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி வகுப்புகளில் எழுத்துக் கற்ற பெண்கள் சாராயக் கடைகளை மூடவைத்துக் கிளம்பியபோது, தனித்தனி அடுப்படியில் அடங்கிக் கிடந்த துயரம் தெருவுக்கு வந்தது. மறு ஆண்டே மாநில அரசு சாராயத்தைத் தடை செய்ய நேர்ந்தது. பின்னர் வந்த முழு மதுவிலக்கு தளர்ந்தது வேறு கதை. இணைய வணிகம் செய்வது இதற்கு நேரெதிரானது. தெருவுக்கு வந்த துயரத்தை மீண்டும் இருவருக்குள் அடைத்து, இது உங்கள் உறவுச் சிக்கல் என்று பெயரிட்டு, மணிக்கணக்கில் விற்கிறது. ஆனால் கடையை மூடவைத்த பெண் அன்றிரவு திரும்பிய வீட்டில் நடுங்கும் கையோடு ஒருவன் படுத்திருந்தான். அவனுக்கான மருத்துவம் இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் போதிய இடம் பெறவில்லை.

இனிப் பெற வேண்டும். ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மது, போதை மீட்புப் படுக்கைகள். ஆலை விடும் நேரத்துக்குப் பின் மாலைப் பிரிவு. இணையருக்கான அமர்வுக்கு முன் பெண்ணுக்குத் தனியறையில் தனிச் சந்திப்பு. தொடர் கண்காணிப்புக்கு மட்டும் காணொளி, அதுவும் ஊர் சுகாதார நிலையத்தின் அறையிலிருந்து. இவற்றை நடத்த மதிப்பூதியத்துக்கு மாறாக முறையான ஊதியம் பெறும் நிரந்தர ஊழியர். செலவுக்கு ஆயத்தீர்வையிலிருந்து சட்டப்படி ஒரு பங்கு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஈஎஸ்ஐ அட்டை கிடைத்தாக வேண்டும். அமர்வு நாளில் கணவன், மனைவி இருவருக்கும் கூலியோடு விடுப்பு வேண்டும். அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குச் சங்கங்கள் தரும் கோரிக்கை மனுவில், பஞ்சப்படிக்கு அடுத்த வரியில் இதை எழுதலாம்.