கோட்டையோடு நின்றுவிடுகிறதா வேலூர்?

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் ஒரு சிற்பம் உண்டு. காளைக்கும் யானைக்கும் உடல் இரண்டு, தலை ஒன்று. ஒரு பக்கத்தை உள்ளங்கையால் மறைத்தால் யானை தெரியும். மறுபக்கத்தை மறைத்தால் காளை தெரியும்.

வேலூரின் பாரம்பரியத்தையும் நாம் இப்படித்தான் பார்த்து வருகிறோம், பாதியை மறைத்துக்கொண்டு. அகழி, மதில், கோயில் இவற்றோடு ஊர் முடிந்துவிடுகிறது. வெளியே இருப்பது கணக்கிலேயே வருவதில்லை.

கோட்டையின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இங்கேதான். மீரட் சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 51 ஆண்டுகள் முன்பு. நெற்றிக் குறியும் தாடியும் கூடாது என்றது கிழக்கிந்தியக் கம்பெனி. புதிதாகத் தந்த தலைப்பாகையில் தோலால் செய்த சின்னம் இருந்தது. இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் அதைத் தலையில் ஏற்க மறுத்தார்கள். அதே கோட்டைக் கோயில், மூலவர் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தது. 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்து வழிபாட்டை மீட்டவர்கள் ஊர் மக்கள். தமக்குரியது என்று மக்கள் நினைத்தால்தான் கல்லுக்கே உயிர் வருகிறது.

கோட்டைக்கு வெளியே வருவோம். மக்கான் நிறுத்தத்தில் தினமும் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு, திப்பு சுல்தான் குடும்பத்தார் அங்கே அடக்கமாகியிருப்பது தெரியும்? கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கே சிறையிருந்து 1832இல் இறந்தார். அவருக்குப் பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் இருக்கிறது. அந்த அளவுக்காவது நினைவு இருப்பது நல்லதுதான்.

அந்தப் பாலாற்றுக்கும் இங்குள்ள தோல் தொழிலுக்கும்தான் எந்த மண்டபமும் இல்லை.

பழைய வேலூர் மாவட்டத்து ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோலால் வளர்ந்த ஊர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் தோலை நாள்கணக்கில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பதம் பார்த்த கைகள் இங்கே இருந்தன. தொட்டுப் பார்த்தே தோல் வெந்துவிட்டதா என்று சொல்லும் தேர்ச்சி அது. சென்னைத் துறைமுகம் வழியாக அந்தத் தோல் சீமைக்குப் போனது. 1970களில், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் குறைத்து முழுச் சரக்காக அனுப்பச் சொன்னது அரசு. குரோமியம் பரவியது, பட்டைத் தொட்டிகள் குறைந்தன. உப்பும் ரசாயனமும் கலந்த கழிவுநீர் ஆற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது.

1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாழ்பட்டது அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இழப்பீட்டையும் ஆற்றைச் சீரமைப்பதையும் பற்றி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள்!

தோல் ஏன் பாரம்பரியப் பட்டியலில் ஏறவில்லை? அதைத் தொட்டவர்களை நாம் தள்ளிவைத்ததுதான் காரணம். வணிகத்தை வளர்த்த முஸ்லிம் குடும்பங்கள், சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற தலித் தொழிலாளர்கள், இன்று ஷூ கம்பெனி பஸ் பிடிக்க விடியலிலேயே கிளம்பும் பெண்கள் என இவர்களுடைய உழைப்பும் வரலாறுதான். ஆம்பூர் பிரியாணியைத் தமிழ்நாடு முழுக்கப் போர்டு எழுதி விற்கிறோம். அந்த ஊரின் கைத்தொழிலுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் தோலுக்கென ஒரு கூடம் ஒதுக்கலாம். பழைய ராவுகத்தி, பட்டை இடித்த உரல், கணக்கேடுகள், நீதிமன்றம் ஏறிய குடிமக்களின் வழக்குக் கதை எல்லாம் அங்கே வரட்டும். பட்டைப் பதனீட்டில் கைதேர்ந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. பாலாறு மூன்றுக்கும் பொது. மூன்று ஆட்சியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இந்த ஆண்டே தொடங்கலாம்.