கேஷ் க்ளியர் பண்ணா காசு பத்திரமா?

நெட் சென்டர்ல ஐடிஆர் போட்டுட்டு, "கேஷ் க்ளியர் பண்ணிட்டேன், இனி பயமில்ல"ன்னு கிளம்புறவங்க நம்ம மதுரையிலயும் உண்டு. என்னைக் கேட்டா, அது பாதி வேலைகூட இல்ல.

கேஷ்ங்கிறது வெப்சைட்டோட படங்கள், ஃபைல்களைப் பிரவுசர் எடுத்து வச்சிக்கிற இடம். அடுத்த தடவை பேஜ் சீக்கிரம் திறக்கணும், அவ்வளவுதான். உங்க லாகின் இருக்கிறது குக்கீஸ்ல. சேவ் பண்ண பாஸ்வேர்டும் கார்டு நம்பரும் வேற இடத்துல. கேஷை மட்டும் அழிச்சா இதெல்லாம் அப்படியேதான் இருக்கும்.

2022 அக்டோபர் 1-லேர்ந்து ஆன்லைன் கடைகள் நம்ம கார்டு நம்பரைச் சேமிக்கக் கூடாதுன்னு ஆர்பிஐ விதி. ஆனா பிரவுசர் கேட்கும்போது நீங்களே ‘சேவ்’ கொடுத்தா, அந்த விதி உங்களைக் காப்பாத்தாது.

அதனால பொது கம்ப்யூட்டர்ல இன்காக்னிட்டோவைத் திறங்க. சேவ் கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. முடிச்சதும் லாக் அவுட் பண்ணுங்க. டவுன்லோட் பண்ண ஃபார்ம் 16 இன்காக்னிட்டோவை மூடினாலும் போகாது. ரீசைக்கிள் பின் வரைக்கும் போய் அழிங்க. சாதாரண விண்டோல திறந்துட்டீங்களா? கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூணையும் சேர்த்து அழுத்தி, ‘ஆல் டைம்’ வச்சு, குக்கீஸையும் டிக் பண்ணுங்க.

சொந்த போன்ல கேஷ் க்ளியர் பண்றது வேற கணக்கு. இடம் நிறைஞ்சு போன் திணறுதுன்னா, இஎம்ஐ-ல புது போன் வாங்குறதுக்கு முன்னாடி அதை ஒருதடவை பண்ணிப் பாருங்க. செலவு பூஜ்யம்!

அப்படியும் பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம உடனே 1930-க்கு அடிங்க. லேட்டாக ஆக, காசு கைமாறிக்கிட்டே போகும்.