அலமாரிக்குள் பனி: குழந்தையைக் கதைக்குள் இழுப்பது மந்திரமா, மிட்டாயா?

அலமாரிக்குள் ஒரு காடு இருக்கிறது என்று யாராவது சொன்னால், "சும்மா கதை விடாதே" என்போம். ஆனால், சி.எஸ். லூயிஸ் 1950-ல் எழுதி வெளியிட்ட முதல் நார்னியா நாவலில், சிறுமி லூசி அலமாரிக்குள் நுழைந்தால் குழந்தைகளும் கூடவே நுழைந்துவிடுகிறார்கள். எப்படி?

அந்தக் காட்சியை நிதானமாகப் படித்தால் புரியும். முதலில், முகத்தில் உரசும் ரோமக் கோட்டுகள். பிறகு காலடியில் ஏதோ நொறுங்குகிறது. அந்துருண்டையோ என்று குனிந்து தொட்டால் சில்லென்று இருக்கிறது, பனி! கோட்டு என்று நினைத்து விலக்கியது மரக்கிளை. மந்திரம் எங்கே தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. இன்னொன்று, அலமாரிக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கதவைத் திறந்தே வைத்துவிட்டுத்தான் அவள் உள்ளே போகிறாள். இவ்வளவு விவரமான பெண்ணை எப்படி நம்பாமல் இருப்பது?

வாசகர் தன் அவநம்பிக்கையைத் தானே விரும்பி ஒதுக்கிவைக்கிறார் என்று 1817-ல் எழுதினார் கவிஞர் கோல்ரிட்ஜ். டோல்கீன் அதை ஏற்கவில்லை. நல்ல கதாசிரியர் ஓர் இரண்டாம் உலகத்தைக் கட்டுகிறார். உள்ளே இருக்கும்வரை அதன் விதிகள் உண்மை. சந்தேகம் வந்த கணமே வாசகர் வெளியே வந்துவிடுகிறார் என்பது அவர் வாதம். (அதே டோல்கீனுக்கு நண்பரின் நார்னியா பிடிக்கவில்லை என்பது தனிக்கதை.)

லூசியின் அண்ணன் எட்மண்டைப் பாருங்கள். சூனியக்காரி அவனை மடக்குவது டர்கிஷ் டிலைட் என்ற இனிப்பைக் கொடுத்து. 'ஒரு மிட்டாய்க்காகவா கூடப்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுப்பான்?' என்று இன்று தோன்றலாம். நாவல் வந்தபோது பிரிட்டனில் மிட்டாய்க்கு ரேஷன். அது நீங்கியது 1953-ல்தான். அன்றைய வாசகர்களுக்கு அந்த ஆசையை விளக்க வேண்டியிருந்திருக்காது. கதையின் நான்கு குழந்தைகளும் லண்டன் குண்டுவீச்சுக்குத் தப்ப வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்கள். அப்படி வந்த நிஜக் குழந்தைகளை லூயிஸ் ஆக்ஸ்போர்டில் தன் வீட்டிலேயே தங்கவைத்திருந்தார்.

"இதெல்லாம் நிஜத்திலிருந்து தப்பிக்கிற புத்தகம்" என்று பிடுங்கிவைக்கும் பெரியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பசி, குளிர், வீட்டு நினைப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் குழந்தை உள்ளே போகிறது. அது திரும்பி வந்ததும், "என்ன நீதி கற்றுக்கொண்டாய்?" என்று மடக்குவதும் கிட்டத்தட்ட பிடுங்குவது மாதிரிதான். அதற்குப் பதிலாக, எட்மண்ட் ஏன் இன்னும் இன்னும் கேட்டான் என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் நீளமாக வரும்.