படத்தொகுப்பிற் பிழை நாடுமாறு

ஒரு தொழிலைச் செய்யக் கற்றல் வேறு. அத்தொழிலில் நேரும் பழுதை ஆராய்ந்து நீக்கக் கற்றல் வேறு. முன்னதைப் பலரும் விரும்பிக் கற்கின்றனர். பின்னதை இடர் வந்துற்றபோதன்றி நினைப்பார் இலர். இக்காலத்தே மாணவரிடையே பெரிதும் பரவியுள்ள வீடியோ படத்தொகுப்பில் இவ்வுண்மை தெள்ளிதிற் காணப்படுகின்றது. காட்சி மாற்றும் விநோதங்களையும் நிறமூட்டும் வித்தைகளையும் ஒரு திங்களிற் பயின்றுவிடும் மாணவர், படமும் ஒலியும் பொருந்தாதொழியின் யாது செய்வதென அறியாது திகைக்கின்றனர். ஆதலின், பிழை நாடும் முறையே படத்தொகுப்புக் கல்வியின் முதற்பாடமாதல் வேண்டும் என்பது எமது துணிபு.

யாம் நேரிற் கண்டதொன்றை ஈண்டுக் கூறுதும். ஓய்வு பெறும் பேராசிரியர் ஒருவரின் பிரிவுபசார விழாவை மாணவர் சிலர் மங்கிய ஒளியுடைய மண்டபமொன்றிற் கைப்பேசியாற் படம்பிடித்தனர். அவருடைய 50 நிமிட உரையைத் தனியே ஓர் ஒலிப்பதிவுக் கருவியிலும் பதிந்தனர். இரண்டையும் கணினியில் இணைத்தபோது தொடக்கம் செவ்வனே பொருந்திற்று. நேரஞ் செல்லச் செல்ல வாயசைவும் சொல்லும் பிரியலாயின. முடிவில், பெரியவர் கைகூப்பி அமர்ந்த பின்னரும் அவர் குரல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது! ஒரு மாணவர் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினார். ஒருவர் கணினியைப் பழித்தார். மற்றொருவர் உரையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் கையால் நகர்த்தி, விடியுமளவும் உழன்றார். காலையில் வந்த இளைய மாணவர் ஒருவரோ, "அண்ணா, இவ்விலகல் ஒரே சீராக வளர்கின்றதா, அன்றி விட்டுவிட்டு வளர்கின்றதா?" என வினவினார். இரவு முழுதும் உழைத்த உழைப்பினும் அவ்வொரு வினா மேம்பட்டதன்றோ?

ஏனெனில், விலகலின் இயல்பே அதன் காரணத்தைக் காட்டும். முதலிலும் முடிவிலும் விலகல் ஒரே அளவினதாயின், ஒலியை வைத்த இடமே தவறு. ஒருமுறை நகர்த்தினாற் போதும். ஒரே சீராக வளருமாயின், படமும் ஒலியும் வெவ்வேறு கணக்கில் ஓடுகின்றன என்பது பொருள். பழைய கருப்பு வெள்ளைப் பெட்டிகளும் பயன்படுமாறு 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்கு விதி வகுத்தபோது, நொடிக்கு 30 பிரேம் என்ற கணக்கு ஏறக்குறைய 29.97 ஆகக் குறைக்கப்பட்டது. இதனை 30 எனக் கொள்வோமாயின், ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி பிசகும். நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்த ஒலியை 48,000 எனக் கருவி கொள்ளுமாயின், விலகலோடு குரலும் கீச்சென்றாகும். இனி, விலகல் விட்டுவிட்டு வளருமாயின், பெரும்பாலும் கைப்பேசியே காரணம். ஒளி குறைந்தவிடத்துப் பல கைப்பேசிகள் பிரேம்களின் தொகையைத் தாமே கூட்டியும் குறைத்தும் பதிகின்றன. தொகுப்பு மென்பொருளோ அவை ஒரே கணக்கின என நம்பி ஏமாறுகின்றது. மேற்கூறிய விழாப்படத்தில் நேர்ந்தது இதுவே. படத்தை முதலில் மாறாத பிரேம் கணக்குடைய நகலாக மாற்றிப் பின் தொகுத்தபோது, பெரியவரின் வாயும் சொல்லும் இறுதிவரை ஒன்றுபட்டன.

நோய் இன்னதென்றும், அதன் முதல் இன்னதென்றும் தெளிந்த பின்னரே மருந்து தேடுக என வள்ளுவர் மருத்துவனுக்குக் கூறிய நெறி படத்தொகுப்பாளனுக்கும் உரியது. ஒரே வேளையில் நான்கு அமைப்புகளை மாற்றுவோன், பிழை நீங்கினும் எதனால் நீங்கியதென்று அறியான். ஒரு மணி நேரப் படம் வெளியேற்றும்போது இடையே நின்றுவிடின், அதனைப் பாதியாக்கி எப்பாதி பழுதுடையதென்று காண்க. அப்பாதியை மீண்டும் பாதியாக்குக. ஆறுமுறை இங்ஙனம் செய்யின், ஒரு நிமிடத்திற்கும் குறைந்த பகுதியிற் குற்றம் ஒளிந்திருத்தல் காணலாம்.

'மீடியா ஆஃப்லைன்' என்னும் சிவப்புத் திரையைக் கண்டு அஞ்சுவோர் பலர். தொகுப்பு மென்பொருள் படத்தைத் தன்னுள் வைத்திருப்பதன்று. படம் எக்கோப்புறையில் உள்ளதென்ற முகவரியையே வைத்திருக்கின்றது. கோப்புறையின் பெயரை ஒருவர் மாற்றின், முகவரி பொய்த்துவிடும். காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பனைப் போல, அதனைத் தேடி மீண்டும் இணைத்தலே செய்யற்பாலது, அழுது புலம்புதலன்று.

எனினும் மெய்யாகவே அழிந்த கோப்பிற்கு நகலன்றி வேறு மருந்தில்லை. 1998-ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழியலாயின. காப்பு நகலை நாடியபோது அதுவும் பழுதுற்றிருந்தது. குழந்தைப்பேற்றை முன்னிட்டு வீட்டிலிருந்து பணிபுரிந்த கேலின் சஸ்மன் என்னும் அம்மையாரின் வீட்டுக் கணினியில் இருந்த நகலே அப்படத்தைக் காத்தது. நகல் உண்டென்று நம்புதல் வேறு, அதனைத் திறந்து பார்த்தல் வேறு என்பதை இஃது உணர்த்தும்.

கலை பயில்வோருக்கு இவ்வியந்திர நுணுக்கங்கள் எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். வீணையின் நரம்பைக் கூட்ட அறியாதவன் வீணை வல்லோன் ஆவனோ? இனி, இரவெல்லாம் விழித்த அம்மாணவரின் விடாமுயற்சியை யாம் இகழ்ந்தோம் அல்லேம், அது போற்றத்தக்கதே. ஆயினும் காரணம் ஆராயாத முயற்சி ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். அன்றியும், குற்றத்தைக் கருவியின்மேற் சுமத்தாது, தாம் செய்ததைத் தாமே திரும்ப நோக்கும் பழக்கம், தொகுப்பறைக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் வேண்டுவதொன்றாம்.

ஆதலின் எமது வேண்டுகோள் சிறியது. கல்லூரிகளின் தொகுப்பறைதோறும் தடித்த குறிப்பேடொன்று வைக்கப்படுக. நேர்ந்த பிழை, கண்ட காரணம், தீர்த்த வகை, நாள் என்னும் நான்கனையும் மாணவர் அதிற் பொறிப்பாராக. இவ்வாண்டு ஒருவர் கண் விழித்துக் கற்றது, மறு ஆண்டு வருவோருக்கு ஐந்து நிமிடத்திற் கிட்டும். ஓர் ஆசிரியரின் இறுதிச் சொற்கள் அவர் வாயினின்றே எழுவதாகத் தோன்றுதல் சிறு செயலன்று. அவரைக் காணாத தலைமுறைக்கு அவரைக் காட்டுவது அப்படமே.