ஊட்டிக்குப் போவோம், ஆனால் எப்படிப் போவோம்?



மே மாதம் வந்தால் நம்ம வண்ணாரப்பேட்டையில் ராத்திரி ஃபேன் போட்டாலும் அனல் காத்துதான் வரும். டூர் எங்கே போகலாம் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஊட்டி. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். இங்கே 38 டிகிரி என்றால் அங்கே என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

வெள்ளைக்காரர்கள் சென்னை வெயில் தாங்காமல் 1870 முதல் கோடையில் மாகாண அரசாங்கத்தையே ஊட்டிக்குக் கொண்டுபோனார்கள். அன்று கவர்னர் போனார், இன்று நாமும் போகலாம். இது நல்லதுதான். ஆனால் எல்லாரும் காரில் போனால் அந்தச் சின்ன ஊர் தாங்குமா?

அதனால்தான் ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். "டூர் போறவங்களைத் தடுக்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கட்டுப்பாடு சரிதான் என்பது என் கருத்து.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் நம்ம ஜனங்க படும் பாடு நமக்குத் தெரியும். நம்ம குப்பையோட எங்கெங்கேயோ இருக்கிற தெருக் குப்பையும் கொடுங்கையூரில்தான் கொட்டுறாங்க. காத்து இந்தப் பக்கம் அடிச்சா மூக்கைப் பிடிச்சுக்கிறோம். வெளியூர் வண்டியும் குப்பையும் ஒரு ஊரை என்ன பண்ணும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஊட்டியிலும் நம்மை மாதிரி ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்க இருக்காங்க.

கார் இல்லாத நமக்கு இதில் நஷ்டமும் இல்லை. அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அந்த அளவு கிடையாது. சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயில். கல்லாறு தாண்டினால் பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு குன்னூர் வரை ஏறும். 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டிக்கெட் கிடைக்கலேன்னா இருக்கவே இருக்கு பஸ்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்ம பள்ளி டூர் ஊட்டிக்கு என்றால் ரயிலிலோ அரசு பஸ்ஸிலோ கூட்டிட்டுப் போங்க. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ஆளுக்கொரு சில்வர் பாட்டில் கொண்டுவருகிறோம். நம்ம குப்பையை நாமே பையில் கட்டி எடுத்துட்டு வரலாம். மலையில் ஒரு பிஸ்கட் கவர்கூட நம்ம பேரைச் சொல்லக் கூடாது.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி